ஒரே பற்றவைப்புக்கு மூன்று கடின எண்கள்: எதை அறிக்கையில் எழுதுவது?

துவாஸ்கரை | செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் குழாய்த் தொகுதிகள் செய்யும் ஒரு பட்டறையில் நான்கு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். கடினத்தன்மைச் சோதனையில் ஒரு சிக்கலில் மாட்டியிருப்பதால், இத்துறையில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த எரிவாயு செல்லப்போகும் கார்பன் எஃகுக் குழாய்கள் இவை. பற்றவைத்த இடமும் அதன் அருகிலுள்ள வெப்பம் பாதித்த பகுதியும் விக்கர்ஸ் என்ற கடின அளவில் 250ஐத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை. எங்கள் பட்டறையில் இருக்கும் துள்ளல் வகைக் கையடக்கக் கருவியால் அளந்தபோது, விக்கர்ஸாக மாற்றிய சராசரி 208 வந்தது. வாடிக்கையாளரின் ஆய்வாளர் மறுநாள் தாமே கொண்டுவந்த மீயொலிக் கருவியால் அதே இணைப்பை அளந்தார், 266 வந்தது. அதே குழாய்க் கட்டிலிருந்து வெட்டி, அதே முறையில் பற்றவைத்த மாதிரித் துண்டை வெளி ஆய்வுக்கூடத்திற்கு முன்பே அனுப்பியிருந்தோம். அங்கிருந்து வந்த அறிக்கையில் மிக உயர்ந்த மதிப்பு 238.

208 என்றால் கவலையே இல்லை, 238 என்றாலும் தேறிவிடும், 266 என்றால் இணைப்பை வெட்டி எறிய வேண்டும். மேற்பார்வையாளர் ஆய்வுக்கூட எண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். ஆய்வாளரோ தம் கருவி சான்றளிக்கப்பட்டது என்கிறார். மூன்றில் எது உண்மை?

---

பழையலேத் | செவ்வாய், இரவு 10.55

தம்பி, ஜூரோங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்திரப் பட்டறைகளில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எது உண்மை என்று பிறகு பார்ப்போம். ஒவ்வொரு கருவியும் எதை, எவ்வளவு விசையில், எவ்வளவு ஆழத்திற்கு அழுத்தியது என்பதை முதலில் பாருங்கள். நீளத்தையோ எடையையோ போலக் கடினத்தைத் தனியே பிடித்து அளக்க முடியாது. தெரிந்த வடிவமுள்ள ஒரு பொருளைத் தெரிந்த விசையால் அழுத்தி, விழுந்த தடத்தை அளந்து, அதிலிருந்து ஓர் எண்ணைச் செய்கிறோம். ஆகவே முறையை மாற்றினால் எண்ணும் மாறும்.

இதை முதலில் ஒழுங்குபடுத்தியவர் சுவீடனைச் சேர்ந்த யோகான் ஆகஸ்ட் பிரினெல். அவருடைய முறை 1900இல் வெளியுலகுக்கு வந்தது. 10 மி.மீ. விட்டமுள்ள குண்டை 3,000 கிலோ விசையால் எஃகில் அழுத்தி, பத்துப் பதினைந்து விநாடிகள் நிறுத்தி, எடுத்தபின் குழியின் விட்டத்தை அளவுகோல் பொறித்த நுண்ணோக்கியில் பார்ப்போம். குழியின் விட்டம் சரியாக 4 மி.மீ. என்றால் கடினம் 229. அப்போது குழியின் ஆழம் ஏறத்தாழ 0.42 மி.மீ. அவ்வளவு பெரிய தடம் என்பதால் உலோகத்தின் பல்லாயிரம் படிகங்களின் சராசரியை அது கொடுத்துவிடும். வார்ப்பிரும்புக்கு இன்றும் அதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் எஃகுக் குண்டு. கடினமான எஃகை அழுத்தும்போது குண்டே தட்டையாகிவிடும் என்பதால் இப்போது டங்ஸ்டன் கார்பைடு குண்டுதான்.

உங்கள் துள்ளல் கருவியோ எந்தத் தடத்தையும் அளப்பதே இல்லை. 1975இல் லீப் என்பவர் கொண்டுவந்த முறை அது. சுமார் 3 மி.மீ. குண்டு பொருத்திய, ஐந்தரை கிராம் எடையுள்ள சிறு உருளை வில்விசையால் பாய்ந்து மோதித் திரும்புகிறது. திரும்பும் வேகத்தை மோதிய வேகத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் லீப் எண். மோதிய இடம் குழிந்து ஆற்றலை வாங்கிக்கொண்டால் வேகம் குறையும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் குழாய்ச் சுவர் மெலிதாக இருந்தால் சுவரே அதிர்ந்து ஆற்றலை விழுங்கிவிடும். கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. "மென்மையான உலோகம்" என்று எழுதிவிடும். உங்கள் குழாயின் சுவர்த் தடிப்பு எவ்வளவு? அளக்கும் முன் மேற்பரப்பை எப்படித் தயார் செய்தார்கள்? ஆய்வாளரின் முனை எத்தனை கிலோ விசையுடையது? இந்த மூன்றையும் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

---

துவாஸ்கரை | புதன், காலை 6.15

நன்றி ஐயா. சுவர்த் தடிப்பு 8 மி.மீ. மேற்பரப்பைக் கைக் கிரைண்டரில் முரட்டு வட்டை மாட்டித் தேய்த்தோம். விரலால் தடவினால் கோடுகள் தெரியும் அளவுக்குத்தான் மென்மை. ஆய்வாளரின் பெட்டியில் இரண்டு முனைகள் இருந்தன. அவர் பயன்படுத்தியது 1 கிலோ விசையுள்ள முனை என்று கருவியின் திரையைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறேன். இரண்டு கருவிகளாலும் குழாயின் வெளிப்பக்கத்தில், மேல்மணியை, அதாவது கடைசியாகப் போட்ட பற்றவைப்பு வரியை, ஒட்டித்தான் அளந்தோம்.

---

வைரமுனை | புதன், மதியம் 1.20

பொருள் சோதனை ஆய்வுக்கூடம் ஒன்றில் நாள்தோறும் விக்கர்ஸ் பார்க்கிறவள் நான். உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது, தம்பி. உங்கள் இரண்டு கருவிகளும் குழாயின் வெளிப்பக்கத்தைப் பார்த்தன. ஆய்வுக்கூடம் துண்டை வெட்டி, வெட்டுமுகத்தை மெருகேற்றி, பெரும்பாலும் உட்பக்கத்திலிருந்து ஒன்றரை மி.மீ. தள்ளி ஒரு வரிசையும் வெளிப்பக்கத்தில் இன்னொரு வரிசையும் போட்டிருக்கும். எரிவாயு தொடப்போவது உட்பக்கத்தை. அங்கே இணைப்பின் அடியில், அதாவது வேரில் போட்ட முதல் பற்றவைப்பு ஓட்டத்தை, பின்னால் வந்த ஓட்டங்களின் வெப்பம் பதப்படுத்தி மென்மையாக்கியிருக்கும். மேல்மணிக்கு மேலே எந்த ஓட்டமும் வரவில்லை என்பதால் அதன் ஓரம் வேகமாகக் குளிர்ந்து கடினமாகவே நின்றுவிடும். ஆகவே உங்கள் எண்கள் கருவியில் மட்டுமன்றி இடத்திலும் வேறுபட்டவை.

அடுத்து மீயொலிக் கருவி. அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு தண்டின் நுனியில் விக்கர்ஸ் வைரம், அதாவது நான்முகக் கூம்பாகத் தீட்டிய வைரம், பொருத்தப்பட்டிருக்கும். வைரம் உலோகத்தில் பதியப் பதியத் தொடுபரப்பு பெரிதாகி அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்திலிருந்து தடத்தின் அளவைக் கணிக்கிறார்கள். தடத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. உலோகத்தின் மீள்தன்மைக் குணகமும் அந்தக் கணக்கில் நுழைவதால், அளக்கும் உலோக வகையிலேயே கருவியைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

இப்போது ஆழத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். விக்கர்ஸ் எண் என்பது கிலோ கணக்கிலான விசையை 1.8544ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கிலான மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 250 கடினமுள்ள எஃகில் 10 கிலோ விசைக்கு மூலைவிட்டம் 0.272 மி.மீ. தடத்தின் ஆழம் மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 39 மைக்ரோமீட்டர். ஆய்வாளரின் 1 கிலோ முனைக்கு மூலைவிட்டம் 0.086 மி.மீ., ஆழம் வெறும் 12 மைக்ரோமீட்டர். முரட்டு வட்டையால் அழுத்தித் தேய்த்த எஃகின் மேல்தோல் அந்தத் தேய்ப்பிலேயே இறுகிக் கடினப்பட்டிருக்கும். 12 மைக்ரோமீட்டர் இறங்கிய வைரம் அந்தத் தோலைத்தான் பெரும்பகுதி அளந்திருக்கிறது. 266இல் உங்கள் கிரைண்டருக்கும் பங்கு உண்டு.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க மாட்டேன். வெட்டுமுகத்தை ஆல்கஹாலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலால் துடைத்தால், சில விநாடிகளில் பற்றவைப்பில் உருகிய உலோகமும் உருகாத உலோகமும் சந்திக்கும் உருகுகோடு சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். உச்சக் கடினம் அந்தக் கோட்டை ஒட்டி, சில இடங்களில் அரை மி.மீ.க்கும் குறைவான அகலத்தில் ஒளிந்திருக்கும். எஃகில் இரண்டு தடங்களின் மையங்களுக்கு நடுவே மூலைவிட்டத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளியாவது வேண்டும் என்பது விதி, ஏனெனில் முதல் தடம் தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தை இறுக்கிவிடுகிறது. 10 கிலோ விசையில் அது 0.8 மி.மீ.க்கு மேல் ஆகும். நேர்கோட்டில் எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டே போனால், உச்சம் இரண்டு தடங்களுக்கு நடுவே தப்பிவிடக்கூடும். அறிக்கையில் தடங்கள் விழுந்த இடத்தைக் காட்டும் படம் இருக்கிறதா? படம் இல்லாமல் 238 என்ற எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் மேற்பார்வையாளருடன் எனக்கு உடன்பாடு இல்லை.

---

ஜூனியர்_பொருளியல் | புதன், மாலை 4.05

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு கேள்விகள். விக்கர்ஸ் வைரத்தின் எதிரெதிர் முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் ஏன் 136 பாகை? 120 என்றோ 140 என்றோ வைத்திருக்கலாமே. இரண்டாவது, ராக்வெல், பிரினெல், விக்கர்ஸ் மூன்றுக்கும் ஒரே சூத்திரத்தைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிக்கொள்ள முடியாதா?

---

பழையலேத் | புதன், இரவு 8.30

நல்ல கேள்வி, அம்மா. 136 எங்கிருந்தோ வந்த எண் அல்ல. பிரினெல் சோதனையில் குழியின் விட்டம் குண்டின் விட்டத்தில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். அவ்விரண்டின் நடு 0.375. அந்த அளவு குழியின் விளிம்பில், குண்டைத் தொட்டபடி இருபுறமும் கோடு இழுத்தால் அவற்றுக்கு இடையிலான கோணம் 136 பாகை. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் இருந்த ஸ்மித், சாண்ட்லண்ட் இருவரும் புதிய எண்கள் பழைய பிரினெல் எண்களோடு ஓரளவு ஒத்துப்போகட்டும் என்று இந்தக் கோணத்தை எடுத்துக்கொண்டார்கள். கூம்புவடிவத்தின் பெரிய நன்மை, தடம் சிறிதானாலும் பெரிதானாலும் வடிவம் மாறாது. குண்டில் அப்படி இல்லை. விசை மாறினால் குழியின் வடிவ விகிதமே மாறிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு, முடியாது என்பதே என் பதில். ராக்வெல் தடத்தின் பரப்பை அளப்பதில்லை, ஆழத்தின் வேறுபாட்டை அளக்கிறது. 120 பாகை வைரக் கூம்பை முதலில் 10 கிலோவால் அழுத்தி அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மொத்தம் 150 கிலோவுக்கு ஏற்றி, மீண்டும் 10 கிலோவுக்கு இறக்கி, நிலைத்த ஆழத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு 0.002 மி.மீ. ஆழத்திற்கும் நூறிலிருந்து ஒன்று குறையும். நுண்ணோக்கி வேண்டாம், அரை நிமிடத்தில் எண் வந்துவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் குண்டுத் தாங்கி செய்யும் ஆலையில் இருந்த ராக்வெல் என்ற பெயருடைய இருவர் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, தாங்கி வளையங்களை விரைவாகச் சோதிக்க வேண்டும் என்ற தேவையால்தான்.

அந்த 0.002 மி.மீ. எவ்வளவு நுண்ணியது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், வெப்பப் பதம் செய்து வந்த ஊசித் தண்டுகள் ராக்வெல் சி அளவில் 58 இருக்க வேண்டும். ஒரு நாள் காலை முழுவதும் 53, 52 என்றே வந்தது. பதம் செய்தவர்கள் மேல் பழியைப் போட்டு முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்பினோம். மாலையில் தாங்குமேடையைக் கழற்றித் துடைத்தபோது, அதன் அடியில் கண்ணுக்கு ஒளியில் மட்டும் மின்னிய ஒரு சுருள் துகள் ஒட்டியிருந்தது. விசை ஏறும்போது அந்தத் துகள் நசுங்கி 0.01 மி.மீ. இறங்கினால் போதும், ஐந்து புள்ளிகள் போய்விடும். மேடையை மாற்றினாலோ முனையை மாற்றினாலோ முதல் இரண்டு வாசிப்புகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதியை அன்று முதல் நான் மீறியதில்லை. திருப்பி அனுப்பிய ஆட்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

---

நானோதடம் | புதன், இரவு 11.10

பழையலேத் ஐயா சொல்வதை ஒரு படி மேலே கொண்டுபோக விரும்புகிறேன். மெல்லிய பூச்சுகளின் கடினத்தை ஆராய்வது என் வேலை. "கடினத்தைத் தனியே பிடித்து அளக்க முடியாது" என்று அவர் எழுதியதை வைத்து, கடினம் என்பதற்குப் பொருளே இல்லை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அதற்குத் தெளிவான இயற்பியல் உண்டு.

பரோட்டா மாவில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். விரலுக்கு அடியிலுள்ள மாவு எங்கேயும் போக முடியாமல் பக்கத்து மாவால் நெருக்கப்பட்டு, விளிம்பில் மேலெழுகிறது. உலோகத்திலும் இதுவே நடக்கிறது. சுற்றியுள்ள உலோகம் அணை கட்டுவதால், அழுத்துமுனையின் கீழுள்ள சராசரி அழுத்தம் உலோகத்தின் நெகிழ்வு வலிமையை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தத்தை) போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த டேவிட் டேபர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத் தெளிவாக்கினார். எஃகின் பிரினெல் எண்ணை ஏறத்தாழ 3.45ஆல் பெருக்கினால் இழுவை வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும் என்று பட்டறைகளில் போடும் கணக்குக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஐயா சொன்ன 229க்கு அது 790 மெகாபாஸ்கல் ஆகிறது.

மாற்று அட்டவணை ஏன் எல்லா உலோகத்துக்கும் ஒன்றாகப் பொருந்தாது என்பதும் இதிலிருந்தே புரியும். அழுத்தும்போதே உலோகம் இறுகிக்கொண்டு போகிறது. எவ்வளவு இறுகும் என்பது உலோகத்துக்கு உலோகம் மாறுகிறது. பதப்படுத்தி மென்மையாக்கிய உலோகத்தில் தடத்தின் பக்கங்கள் உள்வாங்கியும், ஏற்கெனவே இறுகிய உலோகத்தில் பக்கங்கள் வெளியே பிதுங்கியும் இருக்கும். ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுக்குத் தனி அட்டவணை வைத்திருப்பது அதனால்தான்.

என் துறையில் தடத்தை நுண்ணோக்கியில் அளப்பதே அரிது. விசையையும் ஆழத்தையும் ஒவ்வொரு கணமும் பதிவுசெய்து, விசையை விடுவிக்கும்போது வரும் வளைகோட்டின் சரிவிலிருந்து தொடுபரப்பைக் கணிக்கிறோம். ஆலிவர், ஃபார் இருவரும் 1992இல் வகுத்த முறை அது. பயன்படுத்துவது நான்முகக் கூம்பு அன்று, பெர்கோவிச் என்ற சோவியத் ஆய்வாளர் வகுத்த மும்முகக் கூம்பு. மூன்று தளங்களை ஒரே புள்ளியில் சந்திக்க வைப்பது எளிது; நான்கு தளங்களைத் தீட்டும்போது நுனியில் ஒரு சிறு கோடு விழுந்துவிடும். பூச்சின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் அடித்தளத்தின் மென்மையும் எண்ணில் கலந்துவிடும் என்பது எங்கள் பொது எச்சரிக்கை. துவாஸ்கரையின் 12 மைக்ரோமீட்டர் கதை இதன் மறுபக்கம்: அவர் அடித்தளத்தை அளக்க விரும்பினார், கிடைத்தது மேல்தோல்.

---

செம்பவாங்_பட்டறை | வியாழன், காலை 7.45

மேல்தோல் எப்போதும் கடினமாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கப்பல் பட்டறையில் ஒரு முறை, உலையில் சூடாக்கி அடித்த தண்டு ஒன்றைத் துள்ளல் கருவியால் அளந்தோம். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. உலையின் வெப்பத்தில் மேற்பரப்பிலிருந்த கார்பன் எரிந்துபோனதால் மேல்தோல் மென்மையாகியிருந்தது. ஒரு மி.மீ. கடைந்தெடுத்த பிறகு அளந்தபோது எண் சரியாக வந்தது. எவ்வளவு தேய்த்தோம் என்பதை எண்ணின் பக்கத்திலேயே எழுதுவது எங்கள் வழக்கம்.

---

வைரமுனை | வியாழன், மதியம் 12.50

நானோதடம் அவர்கள் சொன்ன இயற்பியலில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு வரியில் மட்டும் கவனம் தேவை. பிரினெல் எண்ணை 3.45ஆல் பெருக்கும் கணக்கைப் பட்டறையில் மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இழுவை வலிமை கேட்டிருந்தால் இழுத்துத்தான் சோதிக்க வேண்டும். கடினத்திலிருந்து கணக்கிட்ட வலிமையைச் சோதித்த வலிமை போல எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. படிப்பவர் ஏமாறுகிறார்.

நுண்விசையில் எண்களைப் படிப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 10 கிலோ தடத்தில் மூலைவிட்டத்தை ஒரு மைக்ரோமீட்டர் தவறாகப் படித்தால் 250இல் இரண்டு புள்ளிகூடப் போகாது. அதே எஃகில் 100 கிராம் விசைத் தடத்தின் மூலைவிட்டம் 27 மைக்ரோமீட்டர்தான். அதில் ஒரு மைக்ரோமீட்டர் தவறினால் சுமார் 18 புள்ளிகள் போய்விடும். நுண்ணோக்கியின் விளக்கைக் கொஞ்சம் கூட்டினாலே தடத்தின் மூலை தேய்ந்து மறைந்தது போலத் தெரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது விளக்கைச் சரிசெய்வது. அதற்குப் பிறகே வைரம்.

துவாஸ்கரை, முடிந்தால் மூன்று காரியங்கள் செய்யச் சொல்லுங்கள். மேற்பரப்பை நுண்தாளால் படிப்படியாக மெருகேற்றிவிட்டு, ஆய்வாளரை 10 கிலோ முனையால் அளக்கச் சொல்லுங்கள். மாதிரித் துண்டை ஆய்வுக்கூடத்திடம் திருப்பிக் கொடுத்து, 5 கிலோ விசையில், உருகுகோட்டுக்குச் சாய்வாக ஒரு வரிசை போடச் சொல்லுங்கள். சாய்வாகப் போனால் தடங்களின் இடைவெளியையும் காக்கலாம், கோட்டையும் நெருங்கலாம். துள்ளல் கருவியின் எண்ணை இந்தத் தடிப்பில் ஒப்பீட்டுக்குக்கூட வைக்க வேண்டாம்.

---

துவாஸ்கரை | அடுத்த செவ்வாய், இரவு 10.20

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடத்தின் பழைய அறிக்கையில் படம் இல்லை. கேட்ட பிறகு அனுப்பினார்கள். உருகுகோட்டுக்கு மிக நெருங்கிய தடமே 0.8 மி.மீ. தள்ளித்தான் இருந்தது. துண்டை மீண்டும் மெருகேற்றி 5 கிலோவில் சாய்வு வரிசை போட்டபோது நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆய்வுக்கூடப் பணியாளர் இடம் விட்டுத் தந்து பார்க்கச் சொன்னார். சாம்பல் நிறத் தரையில் கறுத்த சதுரம் ஒன்று, மூலைகள் ஊசிபோலக் கூர்மையாக. இரண்டு மூலைவிட்டங்களும் 193 மைக்ரோமீட்டர், கிட்டத்தட்ட சமம். கணக்குப் போட்டால் 249. அது வெளிப்பக்கத்தில், கோட்டை ஒட்டிய இடம். உட்பக்க வரிசையில் மிக உயர்ந்தது 243.

ஆய்வாளரும் முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தார். வட்டையை விட்டுவிட்டு 120ஆம் எண் தேய்ப்புத்தாளில் தொடங்கி 600ஆம் எண் வரை தாள் மாற்றி மாற்றிக் கையால் மெருகேற்ற எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. 10 கிலோ முனையால், எங்கள் குழாயின் எஃகிலேயே செய்த சரிபார்ப்புத் துண்டில் முதலில் அளந்துவிட்டு, இணைப்பின் வெளிப்பக்கத்தில் பத்து இடங்களில் வைத்தார். சராசரி 246. ஆனால் பத்தில் ஒன்று 251.

மேற்பார்வையாளர் அந்த 251ஐ விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் எழுதலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் உங்கள் கருத்து என்ன?

---

வைரமுனை | அடுத்த செவ்வாய், இரவு 10.50

விடவே கூடாது, தம்பி. கையால் பிடித்து அளக்கும் முனை சில பாகை சாய்ந்தாலே நான்கைந்து புள்ளிகள் மாறும். 251 உண்மையில் 248 ஆகவும் இருக்கலாம், 254 ஆகவும் இருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால் அந்த இடத்தைச் சுற்றி மீண்டும் ஐந்து வாசிப்புகள் எடுங்கள், பழையதையும் சேர்த்தே எழுதுங்கள். எண்ணோடு விசையையும் எழுத மறக்காதீர்கள். "249 எச்.வி. 5" என்றால் 5 கிலோவில் வந்த விக்கர்ஸ் எண் 249. பின்னால் வரும் அந்த ஐந்தை விட்டுவிட்டால், உங்களுக்குப் பிறகு வருகிறவர் இதே மூன்று எண்களோடு மறுபடியும் இங்கே வந்து நிற்பார்.

---

பழையலேத் | அடுத்த செவ்வாய், இரவு 11.05

வைரமுனை சொன்னதையே நானும் சொல்கிறேன். ஆய்வாளர் முன்னிலையிலேயே அந்த ஐந்தையும் எடுங்கள். மறைத்தது பிறகு வெளியே வந்தால், சரியாக அளந்த மற்ற ஒன்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

---

துவாஸ்கரை | அடுத்த வியாழன், இரவு 9.15

இன்று ஆய்வாளர் முன்னிலையில் ஐந்து வாசிப்புகள் எடுத்தோம்: 247, 244, 248, 245, 246. பழைய 251ஐயும் அது எடுத்த இடத்தையும் படத்தில் குறித்து அறிக்கையில் சேர்த்தேன். ஆய்வாளர் வெட்டுமுகத்தின் படத்தையும் சாய்வு வரிசையையும் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இணைப்பை ஏற்றுக் கையெழுத்திட்டார். அடுத்த தொகுதியிலிருந்து தேய்க்கும் முறையை எழுத்தில் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். நாளை எழுதத் தொடங்குகிறேன்.

மாதிரித் துண்டு என்னிடமே இருக்கிறது. இந்த ஊர் ஈரக்காற்றில் மெருகேற்றிய முகம் இரண்டே நாளில் துருவேறிவிடும் என்பதால், எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். ஜூனியர்_பொருளியல் பார்க்க விரும்பினால், ஜூ கூன் எம்ஆர்டி நிலையத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.